கண்ணிற்படும் புழுவும் கன்றைக் கொல்லும் புழுவும்

திருக்கோணமலை மாவட்டத்தில் எருமைப் பட்டி வைத்திருக்கும் கமக்காரர் ஒருவரிடம், "உங்கள் கன்றுகளுக்கு வயிற்றுப் பூச்சி உண்டோ?" என்று வினவினால், அவர் பெரும்பாலும் நாடாப்புழுவைப் பற்றியே விடை கூறுவார். "சாணத்திலே சோற்றுப் பருக்கை போல வெள்ளை வெள்ளையாக விழுந்தது, கடையிலே மருந்து வாங்கிப் பருக்கினோம்" என்பார். அதே கமக்காரரிடம், "சென்ற ஆண்டு ஈன்ற கன்றுகளுள் எத்தனை தங்கின?" என்று கேட்டால், சிறிது நேரம் மௌனமாயிருந்து, "இரண்டு மூன்று கழிந்து கழிந்தே செத்துப்போயின" என்று சொல்லுவார். இவ்விரண்டு விடைகளுக்கும் இடையே ஒரு தொடர்பு உண்டென்று அவர் எண்ணுவதில்லை. அத்தொடர்பை எடுத்துக் காட்டுதலும், கமக்காரர் பூச்சி மருந்துக்காகச் செலவிடும் பணத்தின் பெரும்பகுதி தவறான புழுவுக்கும் தவறான காலத்துக்குமே போய்ச் சேருகின்றது என்னும் எமது கருத்தை முன்வைத்தலும் இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

நெல்லும் மரக்கறியும் பயிரிடுவோருக்கு உரிய பிரசுரத்தில் மாட்டுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம் 1978 ஆம் ஆண்டில் விவசாயத் திணைக்களத்தினின்றும் பிரிந்து தனித் திணைக்களமாயிற்று. ஆயினும், கமக்காரரின் வீட்டில் அவ்வாறான பிரிவு எதுவும் ஏற்படவில்லை. தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் வயல் செய்பவரே மாலையில் பட்டியைச் சாய்த்துக்கொண்டு வருகின்றார். கிண்ணியாவிலும் மூதூரிலும் எருமைத் தயிர் விற்ற பணமே பசளைக்கும் விதை நெல்லுக்கும் கைகொடுக்கின்றது. உழவையும் சூடு மிதித்தலையும் உழவு இயந்திரம் எடுத்துக்கொண்ட பின்னர், எருமையின் பயன் பாலும் தயிரும் கன்றுமே என்றாயிற்று. கன்று செத்தால் எருமை பால் சுரவாது அடங்கிப் போவதும் உண்டு. ஆகவே ஒரு கன்றின் சாவினால் அடுத்த ஆண்டின் பசுக்கன்று மட்டுமன்றி, அவ்வாண்டின் தயிரும் போய்விடுகின்றது.

முதலில் கண்ணிற்படும் புழுவைப் பார்ப்போம். சாணத்தில் அரிசிபோல் விழுவது மொனீசியா என்னும் நாடாப்புழுவின் துண்டாகும். இப்புழு கன்றின் சிறுகுடலில் பல அடி நீளம் வளர்வது; ஆட்டுக்குட்டியின் குடலில் 6 மீற்றர் நீளத்துக்கும் வளர்ந்து கிடந்ததுண்டு. முதிர்ந்த துண்டுகள் வாற்பக்கத்தினின்றும் கழன்று சாணத்தோடு வெளியேறுகின்றன. அவற்றிலுள்ள முட்டைகள் நேரே வேறொரு கன்றைச் சேர்ந்தால் ஒன்றும் விளைவதில்லை. ஈரமான புற்றரையில், புல்லின் அடியிலே, கண்ணுக்கு எளிதில் தோன்றாத ஒருவகைச் சிற்றுண்ணி வாழ்கின்றது. அது இரத்தம் குடிக்கும் உண்ணியன்று. உக்கிய இலைகுழைகளைத் தின்று வாழ்வது. அச்சிற்றுண்ணி நாடாப்புழுவின் முட்டையைத் தின்ன, அதன் உடலில் அம்முட்டை சில மாதங்களிற் பக்குவமடைய, புல்லோடு அச்சிற்றுண்ணியையும் கன்று மேய்ந்துவிட, அதன் பின்னரே கன்றின் வயிற்றில் நாடாப்புழு உண்டாகின்றது. ஆதலாற்றான் பால்குடி மறவாத, புல்லில் வாய் வையாத கன்றுக்கு நாடாப்புழு இருப்பதில்லை.

பார்வைக்கு இவ்வளவு பயங்கரமாயிருக்கும் இப்புழு செய்யும் தீங்கோ பெரும்பாலும் சிறிதேயாம். ஒன்றிரண்டு புழுக்களையுடைய கன்று அவற்றோடு சில மாதம் வாழ்ந்து, தானாகவே எதிர்ப்புச் சத்தியைப் பெற்று, அவற்றைக் கழித்துவிடுகின்றது. மிகுதியாகத் தொற்றிய மெலிந்த குட்டிகளுக்கும் கன்றுகளுக்கும் மருந்து வேண்டியதே; அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு பருக்கையைச் சாணத்திற் கண்டவுடன் பட்டி முழுவதற்கும் மருந்து வாங்க ஓடுதல் தேவையற்ற செலவாகும்.

நாடாப்புழு எங்கும் இவ்வாறு சாதுவானதென்று எண்ணிவிடுதலும் கூடாது. குதிரையின் நாடாப்புழு வேறு இனத்தது. நெடுந்தீவில் ஒல்லாந்தர் காலத்துக்கும் முன்னிருந்தே வழிவழியாக வந்த குதிரைகள் இன்றும் கட்டாக்காலிகளாகத் திரிவதை நம்மவர் அறிவர். எம் மாவட்டத்திலோ குதிரை வைத்திருப்போர் மிகச் சிலரே. குதிரையின் நாடாப்புழு சில அங்குல நீளமே உடையது. ஆனால், அது சிறுகுடலும் பெருங்குடலும் கூடுகின்ற ஒடுக்கமான வாயிலிற் கும்பலாக ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும் இயல்பினது. 1998 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லிவர்ப்பூல் ஆய்வாளர் வெளியிட்ட ஆராய்ச்சி, குதிரைகளுக்கு உண்டாகும் சிலவகைக் கடும் வயிற்றுவலிக்கும் இப்புழுவுக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக நிறுவிற்று. அதன் துண்டுகள் சாணத்தில் அரிதாகவே கண்ணிற்படும். வெளியே தெரியாத குதிரைப் புழு வலியை உண்டாக்க, வெளியே தெரியும் மாட்டுப் புழு பெரும்பாலும் வாளாவிருக்கின்றது. கண்ணிற் கண்டதைக்கொண்டு தீங்கை அளத்தல் எவ்வளவு பிழையென்பதற்கு இவ்விரண்டுமே போதிய சான்று.

இனி, கன்றைக் கொல்லும் புழுவுக்கு வருவோம். அது டொக்சோகரா விற்றுலோரம் என்னும் வட்டப்புழு. வளர்ந்த பெண்புழு ஏறக்குறைய ஓரடி நீளமும், எழுதுகோலின் பருமனுக்குச் சற்றுக் குறைந்த பருமனும் உடையது. இது மாட்டுக் கன்றிலும் உண்டெனினும், எருமைக் கன்றையே மிகுதியாகப் பற்றுவது. இதன் வரலாறு வியக்கத்தக்கது. அதனை அறிந்தாலன்றி மருந்தைக் காலமறிந்து கொடுத்தல் இயலாது.

மேய்ச்சல் தரையிலும் பட்டியடியிலும் கிடக்கும் முட்டைகளைப் பெரிய எருமை புல்லோடும் நீரோடும் உட்கொள்ளுகின்றது. அவை அவ்வெருமையின் குடலிற் புழுவாக வளர்வதில்லை. முட்டையினின்றும் வெளிப்பட்ட நுண்ணிய இளம்புழுக்கள் குடலைத் துளைத்து ஈரல் முதலிய உறுப்புகளிற் சென்று உறங்குவனபோல் அடங்கிக் கிடக்கின்றன. அவ்வெருமைக்கு அதனால் நோயெதுவும் தோன்றுவதில்லை. அது கன்று ஈனும் காலம் வந்தவுடன் அவ்விளம்புழுக்கள் விழித்தெழுந்து மடியை அடைந்து, ஈன்ற முதற் சில நாள்களிற் பாலோடு கன்றின் வயிற்றிற் புகுகின்றன. தாய் தன் கன்றுக்கு ஊட்டும் பாலே நோயையும் ஊட்டுகின்றது. பட்டி எவ்வளவு துப்புரவாயிருந்தாலும், கன்றைத் தனியே கட்டினாலும், இவ்வழி அடைபடுவதில்லை.

கன்றின் குடலிற் புகுந்த இளம்புழுக்கள் மூன்று நான்கு வாரங்களில் முதிர்ந்து, முட்டையிடத் தொடங்குகின்றன. அக்காலத்திலேதான் கன்று மண்ணிறமாகவோ வெண்மையாகவோ துர்நாற்றத்துடன் கழியும். மயிர் சிலிர்த்து, வயிறு பானைபோல் ஊதி, முதுகெலும்பு தோன்றும். வாயினின்றும் கெட்டுப்போன நெய்யின் நாற்றத்தைப் போன்றதொரு நாற்றம் வீசும். புழுக்கள் மிகுந்து குடலை அடைத்துவிட்டால் கன்று திடீரென இறந்துபடும். இத்தனை நாளும் சாணத்திற் புழு எதுவும் காணப்படாமையால், "பால் செரிக்கவில்லை", "கண்ணூறு பட்டது" என்று வேறு காரணம் கற்பிக்கப்படுகின்றது. பிழைத்த கன்றோ நான்கைந்து மாத வயதளவிற் புழுக்களைத் தானாகவே வெளியேற்றிவிடும். அவ்வேளையில் யாரேனும் மருந்து பருக்கினால், வெளியேறும் நீண்ட புழுக்களைக் கண்டு, மருந்து மிகச் சிறந்ததென்று ஊரெல்லாம் புகழ்வர். அம்மருந்து செய்தது மிகச் சிறிது. புழுக்கள் போகவேண்டிய காலத்திலேயே போயின. கன்றின் வளர்ச்சியில் இழந்ததை எம்மருந்தும் திருப்பித் தரமாட்டாது. வெள்ளம் வடிந்த பின்னர் வரம்பு கட்டுவோரை நாம் வயலிற் கண்டு நகைப்போம்; பட்டியில் அதனையே செய்கின்றோம்.

இந்நாட்டு எருமைகளிலேயே இப்புழுவைப் பற்றிய மிகச் சிறந்த ஆராய்ச்சி நடைபெற்றது என்பதைக் கமக்காரருட் பலர் அறியார். ரொபேட்ஸ் என்னும் ஆய்வாளரும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்த இலங்கையரும் 1989, 1990 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள், எருமையின் பாலில் இளம்புழுக்கள் எத்தனை நாள் வரை வெளிப்படுகின்றன என்பதை நாள் நாளாக ஆராய்ந்து கூறுகின்றன. ஈன்ற சில நாளுக்குள் பாலின்வழித் தொற்று ஓய்ந்துவிடுகின்றதென்றும், எனவே கன்றுக்கு 10 நாள் முதல் 16 நாள் வரையுள்ள வயதில் ஒரே ஒரு முறை பைரன்ரெல் போன்ற மருந்தைக் கொடுத்தாற் போதுமென்றும் அவ்வாராய்ச்சியின் முடிபு. அந்நாளிற் புழு முதிரவில்லை. கன்றுக்குக் கேடு தொடங்கவில்லை. ஒரு முட்டைதானும் தரையில் விழவில்லை. அதற்கு முன்னர்க் கொடுத்தால், பின்வரும் இளம்புழுக்கள் தப்பிவிடும். அதற்குப் பின்னர்க் கொடுத்தால், கன்று நலிந்துவிடும். முட்டைகளும் தரையிற் பரவிவிடும். ஒரு கன்றுக்கு, அதன் வாழ்நாளில், இப்புழுவுக்காக ஒரு தடவை. இதனினும் மலிவான கால்நடை வைத்தியம் வேறு உண்டோ என்பது ஐயமே.

இவ்வாராய்ச்சி வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அது இன்னும் எருமை வளர்ப்போரின் பட்டிவாயிலை முழுமையாக வந்தடையவில்லை என்பதே எமது குறை. குற்றம் கமக்காரருடையதன்று. "உங்கள் மாடுகளுக்கு ஆண்டுக்கு இருமுறை பூச்சி மருந்து கொடுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிடுதல் சொல்வோருக்கு எளிது. ஆனால், ஆண்டுக்கு இருமுறை வரும் அந்த நாள், எந்தக் கன்றின் இரண்டாம் வாரத்திலும் வந்து விழுமென்பதற்கு உறுதி யாது? ஆடியிற் பிறந்த கன்றுக்கு ஐப்பசியில் வரும் மருந்தினாற் பயனென்ன? நாள் கன்றினுடையதாயிருத்தல் வேண்டும், அலுவலகத்தினுடையதாயிருத்தல் ஆகாது.

நாளை எவ்வாறு நினைவில் வைத்திருப்பது? எழுதப் படிக்க நேரமில்லாத பட்டிக்காரருக்கும் இது கடினமன்று. நிலவைப் பார்த்தாற் போதும். வளர்பிறை நான்காம் நாளிற் பிறந்த கன்றுக்குத் தேய்பிறை நான்காம் நாளில் மருந்து; பறுவத்திற் பிறந்ததற்கு அமாவாசையில் மருந்து. கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளிலுள்ள முசுலிம் கமக்காரர் பிறைக் கணக்கை நன்கு அறிவர். பிறை 4 இற் பிறந்த கன்றுக்குப் பிறை 19 இல் மருந்தென்று அவர்கள் உடனே கணக்கிட்டுவிடுவர். இவ்வாறு எண்ணினால் கன்றின் வயது பதினைந்து நாளளவாக அமையும்; அது மேற்சொன்ன எல்லைக்குள் அடங்குவதே. காட்டோரம் மேய்ந்து அங்கேயே ஈன்று, நாள் கழித்துக் கன்றோடு வரும் எருமைகளின் காரியம் சற்றுக் கடினம். அத்தகைய கன்றின் கொப்பூழ்க்கொடி உலர்ந்து விழுந்துவிட்டதா என்பதையும் அதன் நடையையும் பார்த்து வயதை மதித்து, தாமதமின்றிக் கொடுத்துவிடுதல் நன்று.

பாலின்வழியே புழு வருகின்றதென்பதைக் கேட்டவுடன் சிலர் கடும்புப் பாலைக் கறந்து ஊற்றிவிட்டுக் கன்றைப் பட்டினியிடத் துணிவர். அது பெரும் பிழை. கடும்புப் பாலிற்றான் கன்றைப் பல நோய்களினின்றும் காக்கும் சத்தி உள்ளது. பிறந்து சில மணி நேரத்துக்குள் அது வயிறாரக் குடித்தல் வேண்டும். புழுவைப் பின்னர் மருந்தாற் போக்கலாம். கடும்புப் பால் இழந்ததைப் பின்னர் எதனாலும் ஈடுசெய்ய முடியாது. இன்னுஞ் சிலர் தாயெருமைக்கே மருந்து கொடுத்தாற் போதுமென்று எண்ணுவர். தாயின் உறுப்புகளுள் உறங்கும் இளம்புழுக்களைச் சாதாரண மருந்துகள் சென்று தீண்டுவது அரிது. அன்றியும், கறவையெருமைக்கு மருந்து கொடுத்தால், மருந்துப் போத்தலிற் குறித்துள்ள நாள்வரை அதன் பாலை விற்றலாகாது, தயிருக்கும் உறையிடலாகாது. கன்றுக்குக் கொடுத்தால் இவ்விழப்பு இல்லை. தயிர் வியாபாரத்தையே நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இஃது எவ்வளவு பெரிய வேற்றுமையென்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மருந்தின் பெயரைப் பற்றியும் சில சொல்லவேண்டும். எல்லாப் பூச்சி மருந்தும் எல்லாப் புழுவையும் கொல்லுமென்பது கடைவீதியில் நிலவும் பெரியதொரு மயக்கம். 1950 களில் வழக்குக்கு வந்த மலிவான பைப்பரசின் வட்டப்புழுவை வெளியேற்றும். நாடாப்புழுவை ஒன்றுஞ் செய்யாது. லெவமிசோலும் அத்தகையதே. ஊசியாக ஏற்றப்படும் ஐவமெக்ரினுக்கு இன்று பெரும் மதிப்புண்டு. அதனைக் கண்டறிந்தோருக்கு 2015 ஆம் ஆண்டில் நோபல் பரிசும் வழங்கப்பட்டது. ஆயினும் சாணத்தில் நாடாப்புழுத் துண்டைக் கண்டு ஐவமெக்ரின் ஊசி போடுவித்தவர் பணத்தை வீணாக்கியவரே. நாடாப்புழு அதற்கு அசைவதில்லை. நாடாப்புழுவுக்கும் வட்டப்புழுக்கள் பலவற்றுக்கும் ஒருங்கே ஏற்றது அல்பென்டசோல், பென்பென்டசோலும் அவ்வாறே. பிராசிகுவன்ரெல் நாடாப்புழுவுக்கெனவே அமைந்த சிறந்த மருந்தெனினும், மாட்டின் எடைக்கு ஏற்ப அதனை வாங்கப் புகுந்தால் பை வெறுமையாகும். குதிரைக்கு அதுவும், இரட்டிப்பு அளவான பைரன்ரெலுமே வழங்குகின்றன.

பாக்கைப் பற்றியும் ஒரு சொல். பச்சைப்பாக்கை இடித்துக் கரைத்துக் கன்றுக்குப் பருக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது மூடநம்பிக்கையன்று, பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் சத்தை மேனாட்டு மிருக வைத்தியரே நாயின் நாடாப்புழுவை வெளியேற்ற நெடுங்காலம் பயன்படுத்தினர். ஆயின் மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் அதில் இடைவெளி மிகக் குறுகியது. ஒவ்வொரு பாக்கிலும் அதன் அளவு வேறுபடும். நல்ல மருந்துகள் வந்தபின் அது கைவிடப்பட்டது. முன்னோர் அறிவை மதித்து, அதனை அவர்கள் விட்ட இடத்திலேயே நாமும் விட்டுவிடலாம்.

மலிவு என்னும் சொல்லைக் கமக்காரர் போத்தலின் விலையிற் காண்கின்றனர். விலையன்று, ஒரு கன்றுக்கு வரும் செலவே கணக்கு. அல்பென்டசோலை எடுத்துக்கொள்வோம். நாடாப்புழுவுக்கு அதன் அளவு, கன்றின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 மில்லிகிராம். 100 கிலோ எடையுள்ள கிடாரிக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும். நூற்றுக்கு 10 பங்கு செறிவுள்ள மருந்தில் அது 10 மில்லிலீற்றரில் அடங்கும். நூற்றுக்கு 2.5 பங்கு செறிவுள்ளதில் 40 மில்லிலீற்றர் வேண்டும். முன்னையது ஒரு லீற்றர் 100 கன்றுக்குப் போதும். பின்னையது 25 கன்றுக்கே காணும். பின்னதன் விலை முன்னதில் அரைவாசியென்று மகிழ்ந்து வாங்கியவர், உண்மையில் ஒவ்வொரு கன்றுக்கும் இருமடங்கு கொடுத்தவராகின்றார். இரண்டும் வெண்ணிறப் பால்போன்றவை. ஒன்றுக்கொன்று வேற்றுமை தெரியாது. ஆகையாற் போத்தலின் முகப்பிலுள்ள படத்தை விடுத்து, சிறிய எழுத்தைப் படிப்பிக்க வேண்டும். வீட்டிற் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையிருந்தால் அப்பிள்ளை படித்துச் சொல்லும். செறிந்த மருந்தை அயலவர் நால்வர் சேர்ந்து வாங்கிப் பங்கிடுதல் சிறந்தது. காலாவதித் திகதியைப் பார்த்து வாங்கி, பங்கிடும் போத்தலிலும் பெயரையும் செறிவையும் எழுதி ஒட்டுதல் வேண்டும். கமத்துக்கு வாங்கிய கிருமிநாசினிப் போத்தலில் மருந்தை ஊற்றி வைத்தல் உயிருக்கே இறுதியாய் முடியும்.

எடையறிய தராசு வேண்டுவதில்லை. முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதனை அதனாற் பெருக்குக. தோளின் முனையிலிருந்து பின்புறத்து எலும்பு முனைவரையுள்ள நீளத்தால் அதனை மறுபடியும் பெருக்கி, 660 ஆல் வகுக்க. வருவது கிலோக் கணக்கில் எடை. சுற்றளவு 40 அங்குலமும் நீளம் 36 அங்குலமுமாயின் ஏறக்குறைய 87 கிலோ. இது மதிப்பேயாதலின், 90 கிலோவென்று சிறிது கூட்டிக் கொள்ளலாம். குறைத்துக் கொள்ளுதலே தீங்கு. அரைகுறை மருந்து புழுவைக் கொல்லாது பழக்கிவிடும். பழகிய புழுக்களின் சந்ததிக்குப் பின்னர் எவ்வளவு மருந்தும் பற்றாது. போத்தலை நீண்ட நாள் வைத்திருக்க வேண்டுமென்று ஆளுக்குச் சிறிதாக ஊற்றும் சிக்கனம் இதனால் வீணாகின்றது. சினைப்பட்டு முதல் ஒன்றரை மாதத்துக்குட்பட்ட எருமைக்கும் பசுவுக்கும் அல்பென்டசோல் கொடுத்தலாகாது.

பருக்கும் முறையிலும் கன்றுகள் பல இறக்கின்றன. அது மருந்தின் குற்றமென்று சொல்லப்படுகின்றது. தலையை வானத்தை நோக்கி நிமிர்த்தி, மூங்கிற் குழாயால் ஒரே மூச்சில் ஊற்றினால் மருந்து சுவாசப்பைக்குட் புகும். இரண்டொரு நாளிற் கன்று மூச்சிரைத்துச் சாகும். வாய் கண்ணின் மட்டத்துக்கு மேற்படாதவாறு தலையைப் பிடித்து, கடைவாயின் ஓரமாகச் சிறிது சிறிதாக ஊற்றி, அது விழுங்கிய பின்னரே மீண்டும் ஊற்றவேண்டும். நாக்கைப் பிடித்து இழுத்தல் கூடாது. இருமினால் உடனே தலையைத் தாழவிடுக.

ஆடு வளர்ப்போருக்கு வேறொரு மலிவான வழியுண்டு. ஆட்டின் வயிற்றில் இரத்தம் குடிக்கும் மெல்லிய புழுவொன்று மாரிகாலத்திற் பெருகி, ஆட்டைச் சோகை பிடிக்கச்செய்து கொல்லும். அதுவும் சாணத்திற் கண்ணிற்படாது. 1990 களில் தென்னாபிரிக்காவில் வகுக்கப்பட்ட முறையின்படி, கீழிமையை மெல்லத் தாழ்த்தி உட்புறத்தின் நிறத்தைப் பார்த்தாற் போதும். செந்நிறமாயிருக்கும் ஆட்டுக்கு மருந்து வேண்டாம்; வெளிறி வெண்ணிறமாகியதற்கு உடனே வேண்டும். மந்தை முழுவதற்கும் ஊற்றாது, வேண்டியதற்கு மட்டும் ஊற்றினால் செலவும் குறையும். புழுவும் மருந்துக்குப் பழகாது. இரு வாரங்களுக்கு ஒருமுறை மாரியிற் பார்த்துவருதல் நலம். சோகைக்கு வேறு காரணங்களும் உண்டாகையால், மருந்து ஊற்றியும் நிறம் தேறாத ஆட்டை மிருக வைத்தியரிடம் காட்டுக.

மரக்கறிச் செய்கையாளருக்கும் இதில் ஒரு பங்குண்டு. நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணற்பாங்கான நிலங்களுக்குச் சாணம் இன்றியமையாதது. பச்சைச் சாணத்தில் வட்டப்புழுவின் முட்டைகள் இருப்பின், அவை தடித்த ஓட்டையுடையனவாதலால் ஈரமும் நிழலுமுள்ள மண்ணிற் பல மாதம் உயிரோடு கிடக்கும். தோட்டம் ஓய்ந்தபின் அங்கே மாடுகள் மேய விடப்படும்போது அவை மீண்டும் வயிற்றைச் சேரும். சாணத்தைக் குவித்து, குழைகளோடு கலந்து, கிளறிக் கூட்டெருவாக்கி, குவியலின் உட்புறம் 55 முதல் 60 பாகை செல்சியசு வரை சூடேறிச் சில நாள் நிலைக்கச் செய்தால் முட்டைகள் இறந்துபடும். கையை உள்ளே நுழைத்தால் வைத்திருக்க முடியாத சூடென்பது போதிய அடையாளம். புறத்தேயுள்ள சாணம் உள்ளே போகும்படி இரண்டொரு முறை புரட்டவேண்டும். பயிருக்கும் அதுவே நல்ல எரு.

இறுதியாக, எம்மைப் போன்ற உத்தியோகத்தரைப் பற்றியும் ஒரு சொல் கூறாவிடின் இக்கட்டுரை நேர்மையாகாது. கன்று பிறந்து பதினைந்தாம் நாளில் மருந்து வேண்டுமென்று சொல்லிவிட்டு, அம்மருந்துக்காக வெருகலிலிருந்தோ சேருவிலையிலிருந்தோ ஒருவரை ஒரு நாட்கூலியை இழந்து நகருக்கு வரச்செய்வது முறையன்று. பேருந்துச் செலவும் இழந்த கூலியும் மருந்தின் விலையைப் பன்மடங்கு விஞ்சிவிடும், அவர் வராது விடுவார், கன்று சாகும். சினையெருமைகளின் கணக்கை முன்கூட்டியே பெற்று, ஒரு கன்றுக்குரிய அளவாகப் பொதிசெய்த மருந்தை, மிருக வைத்தியரின் குறிப்போடு, கமநல சேவை நிலையங்களிலேனும் பாற்சேகரிப்பு நிலையங்களிலேனும் ஈனுவதற்கு முன்னரே கமக்காரர் கையிற் சேர்த்துவிடலாம். தயிருக்குப் பால் கொண்டுவருபவர் திரும்பும்போது அதனைக் கொண்டுபோவார். இதற்குப் புதிய கட்டிடமோ புதிய வாகனமோ வேண்டுவதில்லை. ஆண்டறிக்கையில் எத்தனை லீற்றர் மருந்து வழங்கப்பட்டதென்று எழுதுகின்றோம். அதற்குப் பதிலாக, பிறந்த கன்றுகளில் எத்தனை ஆறாம் மாதத்தில் உயிரோடு மேய்கின்றன என்று எழுதும் ஒரு நிரலை அவ்வறிக்கையிற் சேர்த்தல் வேண்டுமென்பது எமது கோரிக்கை. அந்நிரலை நிரப்புதற்கு உத்தியோகத்தர் பட்டிக்கே செல்லவேண்டியிருக்கும்.